ரிசார்ட் தீவா, ஊர்த் தீவா? மாலத்தீவில் தங்குமிடம் குறித்த அரை நூற்றாண்டு விவாதம்

சுற்றுலாப் போகும் இடத்தில் எங்கே தங்குவது என்பதைக் கையிருப்பும் ரசனையும்தான் பெரும்பாலும் முடிவு செய்யும். மாலத்தீவில் அதை நெடுங்காலம் அரசு முடிவு செய்தது. வெளிநாட்டார் ஆளில்லாத் தீவுகளில் கட்டப்பட்ட ரிசார்ட்டுகளில் தங்கலாம், மக்கள் வாழும் தீவுகளில் இரவு தங்கக் கூடாது என்பது 1980கள் தொடங்கிக் கால் நூற்றாண்டுக்கு அங்கே நடைமுறையாக இருந்தது. 2010-ஐ ஒட்டி அந்தத் தடை தளர்ந்தது. அதன் பிறகுதான் 'ரிசார்ட்டா, கெஸ்ட் ஹவுஸா' என்ற கேள்வி பயணிகளின் கேள்வியாயிற்று. அதற்கு இதுவரை சொல்லப்பட்ட பதில்கள் பணத்தைப் பற்றியவை மட்டுமல்ல. சமயம், வருமானம் யாருக்குப் போய்ச் சேருகிறது, பவளப்பாறையின் ஆயுள், மணல் இடம்பெயரும் விதம் என்று பலவும் அவற்றில் கலந்திருக்கின்றன. இந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எந்த அளவுக்கு நிற்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நிலவியல். இந்தியப் பெருங்கடலில் 26 அட்டோல்களாக, அதாவது பவளத்திட்டு வளையங்களாக, 1,190-க்குக் குறையாத தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. நிலப்பரப்பு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர்தான். கடல் மட்டத்துக்கு மேல் சராசரி உயரம் ஒன்றரை மீட்டர். ஏறக்குறைய 190 தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள். ஒரு தீவில் ஓர் ஊர், இன்னொரு தீவில் ஒரு ரிசார்ட் என்று பிரித்து வைக்கும் யோசனை இந்த நாட்டில் எழுந்ததில் வியப்பில்லை. நிலமே அப்படித்தான் துண்டு துண்டாக இருக்கிறது.

1972: தொடக்கம்

மாலத்தீவுச் சுற்றுலாவின் கதை இத்தாலியிலிருந்து தொடங்குகிறது. ஜார்ஜ் கார்பின் என்ற பயண முகவர் 1970களின் தொடக்கத்தில் கொழும்பில் மாலத்தீவைச் சேர்ந்த அகமது நசீமைச் சந்தித்தார். 1972 பிப்ரவரியில் முதல் இத்தாலியப் பயணிக் குழு தலைநகர் மாலேக்கு வந்தது. அப்போது அங்கே ரிசார்ட் எதுவும் இல்லை. வந்தவர்கள் மாலேயில் வீடுகளில் தங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மாலேக்கு அருகே விஹமனாஃபுஷி தீவில் குரும்பா ரிசார்ட் 30 அறைகளுடன் திறக்கப்பட்டது. பவளக்கல் சுவர், தென்னோலைக் கூரை, அவ்வளவுதான். ஆண்டு முடிவதற்குள் பண்டோஸ் தீவும் சேர்ந்துகொண்டது. 1960களில் வந்த ஐ.நா. நிபுணர் குழு இந்தத் தீவுகள் சுற்றுலாவுக்கு ஏற்றவையல்ல என்று கருத்துச் சொல்லியிருந்ததாக அந்நாட்டுச் சுற்றுலா வரலாறுகள் எல்லாவற்றிலும் ஒரு குறிப்பு வரும். மின்சாரம், குடிநீர், தொலைபேசி எதுவும் இல்லாத இடத்தைப் பற்றி வேறு என்ன சொல்லியிருப்பார்கள்?

ஆக, முதல் பயணிகள் தங்கியது ஊருக்குள்தான். 1970கள் முழுவதும் தீவு வீடுகளில் தங்கிச் சுற்றிய வெளிநாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். கெஸ்ட் ஹவுஸ் என்பதை 2010-க்குப் பிறகு வந்த புதுமையாகச் சிலர் எழுதுகிறார்கள். இடையில் அறுந்த ஒரு வழக்கம் மீண்டும் ஒட்டப்பட்டது என்பதே சரியாக இருக்கும்.

பிரித்து வைத்தல்: ஒரு தீவு, ஒரு ரிசார்ட்

1979-ல் சுற்றுலாச் சட்டம் வந்தது. 1981-ல் ஹுல்ஹுலே விமான நிலையம் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. 1983-ல் முதல் பெருந்திட்டம் தயாரானது. இந்தக் காலகட்டத்தில்தான் ஊர்த் தீவுகளில் வெளிநாட்டார் தங்குவது நிறுத்தப்பட்டு, ஆளில்லாத் தீவை அரசிடம் குத்தகைக்கு எடுத்து ஒரே ரிசார்ட் நடத்தும் முறை உறுதிப்பட்டது. கட்டடம் தீவின் பரப்பில் குறிப்பிட்ட பங்குக்கு மேல் போகக் கூடாது, மரத்தின் உச்சியைத் தாண்டக் கூடாது என்ற விதிகளும் வந்தன. கட்டடப் பங்கு நெடுங்காலம் 20 விழுக்காடாக இருந்து பின்னர் உயர்த்தப்பட்டது.

இப்படிப் பிரித்து வைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முதன்மையானது சமயம். முழுக்க முஸ்லிம் சமூகமான ஒரு நாட்டில் மதுவும் நீச்சலுடையும் ஊர்ச் சிறுவர்களின் கண்ணுக்கு எட்டாமல் இருக்க வேண்டும் என்பது அந்த வாதம். இன்றும் மது ரிசார்ட்டுகளிலும் பயணிகள் தங்கும் படகுகளிலும்தான் அனுமதிக்கப்படுகிறது; ஊர்த் தீவில் கிடையாது. இரண்டாவது காரணம் நடைமுறை சார்ந்தது. குடிநீர், மின்சாரம், கழிவு எல்லாவற்றையும் குத்தகைக்காரரே பார்த்துக்கொண்டால் ஏழை அரசுக்குச் செலவில்லை.

இந்த வாதத்தை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அது தன் குறியை ஓரளவு எட்டியது என்பதை மறுக்க முடியாது. மற்ற வெப்பமண்டலக் கடற்கரைகள் பலவற்றில் நடந்ததுபோல மீனவர் குடியிருப்பை ஓட்டல் வரிசை விழுங்கும் காட்சி இங்கே நெடுங்காலம் நிகழவில்லை. உயரக் கட்டுப்பாட்டால் ரிசார்ட் தீவுகளை வானிலிருந்து பார்த்தால் இன்னும் தென்னந்தோப்பாகத் தெரிகின்றன.

குறைகளும் அதே அடித்தளத்திலிருந்துதான் வருகின்றன. சுற்றுலாவை விமர்சித்த லூயிஸ் டர்னரும் ஜான் ஆஷும் 1975-லேயே, பணக்கார நாடுகள் தம்மைச் சுற்றி இன்பச் சுற்றுவட்டங்களை உருவாக்கிக்கொள்கின்றன என்று எழுதினார்கள். இமானுவேல் டி காட் தொகுத்து 1979-ல் வந்த நூல் சுற்றுலா உண்மையில் வளர்ச்சிக்குக் கடவுச்சீட்டுதானா என்று தலைப்பிலேயே கேட்டது. வேலியிட்ட சுற்றுலாவில் வருமானம் வெளியே கசிந்துவிடுகிறது என்பது இந்த விமர்சன மரபின் மையக் குற்றச்சாட்டு. மாலத்தீவுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. மீனும் தேங்காயும் சில பழங்களும் போக மற்றதெல்லாம் கடல் வழியே வர வேண்டும். தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போவது பழைய வழக்கம்; ரிசார்ட் மேசையில் இருக்கும் மற்றவை இன்னும் தொலைவிலிருந்து வருகின்றன. ஊழியர்களில் பெரும்பகுதியினர் வங்கதேசம், இந்தியா, இலங்கை போன்ற நாட்டவர். உள்ளூர் ஆண்கள் வேலைக்குப் போனால் குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் பிரிந்திருக்க வேண்டும். பெண்கள் போவது அதைவிட அரிது. நாட்டின் முதன்மைத் தொழிலில் அந்நாட்டுப் பெண்களுக்கு இடம் இவ்வளவு குறைவாக இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் மிகக் கனமான குறை என்று தோன்றுகிறது. பயண எழுத்துகளில் அதற்கு ஒரு வரி கிடைப்பதே அபூர்வம்.

பிரித்து வைத்ததால் சமய உரசல் நீங்கிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2011 டிசம்பரில் மாலேயில் நடந்த போராட்டத்தை அடுத்து ரிசார்ட்டுகளில் ஸ்பாக்களை மூட அரசு உத்தரவிட்டது. சில நாட்களில், 2012 ஜனவரித் தொடக்கத்தில், அதைத் திரும்பப் பெற்றது. சுற்றுலாவைத் தொலைவில் வைத்தாலும் அது பேச்சில் நெருங்கிவிடுகிறது.

ஊருக்குள் வருதல்: மாஃபுஷிக்குப் பின்

2008-ல் பல கட்சித் தேர்தல் நடந்து முகமது நஷீத் அதிபரானார். தீவுகளை இணைக்கும் பொதுப் படகுச் சேவையும் ஊர்த் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் அனுமதியும் அவருடைய ஆட்சியில்தான் வந்தன. சுற்றுலாப் பணம் சில குடும்பங்களின் கையில் மட்டும் சுழலக் கூடாது என்பது அதன் அரசியல் வாதம். மாலேக்குத் தெற்கே இருக்கும் மாஃபுஷி முதல் வெற்றி. நாட்டின் பெரிய சிறைச்சாலை அங்கேதான் இருக்கிறது. 2004 ஆழிப்பேரலை அந்தத் தீவைக் கடுமையாகத் தாக்கியிருந்தது. சுற்றுலாப் படங்களில் இடம்பெற வாய்ப்பே இல்லாதிருந்த ஊர் சில ஆண்டுகளில் கெஸ்ட் ஹவுஸ் தலைநகராயிற்று. இன்று நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான கெஸ்ட் ஹவுஸ்கள் இருக்கின்றன. என்றாலும் படுக்கைகளில் பெரும்பங்கு இன்னும் ரிசார்ட்டுகளிடமே இருக்கிறது.

ஊர்த் தீவுகள் எல்லாம் ஒன்றுபோல இல்லை என்பதைத் தங்குமிடம் தேடுபவர்கள் முதலில் கவனிக்க வேண்டும். தொட்டூவில் தர்பூசணியும் பப்பாளியும் விளைகின்றன. அது விவசாய ஊர். திகுரா தீவுக்கு அருகே, தெற்கு ஆரி அட்டோலின் விளிம்பில், திமிங்கலச் சுறாக்களை ஆண்டின் பெரும்பகுதியில் பார்க்கலாம். துலுஸ்தூவுக்கு அலைச்சறுக்குக்காரர்கள் வருகிறார்கள். உக்குல்ஹாஸ் குப்பை மேலாண்மைக்குப் பெயர் பெற்றது. பா அட்டோலின் தரவந்தூவிலிருந்து ஹனிஃபாரு வளைகுடா படகில் சில நிமிடம்தான். தென்மேற்குப் பருவத்தில் மாண்டா திருக்கைகள் அங்கே திரள்கின்றன; மூழ்கி நீந்துவதற்குத் தடை, மேலே மிதந்தபடி மட்டும் பார்க்கலாம். அந்த அட்டோலை யுனெஸ்கோ 2011-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தெற்கே தனித்து நிற்கும் ஃபுவாமுலாவுக்குப் புலிச் சுறாக்களைப் பார்க்கவே போகிறார்கள். இவற்றில் எதையும் 'மலிவான மாலத்தீவு' என்ற ஒற்றைச் சொற்றொடரில் அடைக்க முடியாது.

ஊருக்குள் தங்க வைக்கும் இந்த ஏற்பாட்டின் பலவீனங்கள் மெல்ல மெல்லத் தெரியத் தொடங்கின. நீச்சலுடைக்கு அனுமதியுள்ள கடற்கரைத் துண்டு பல தீவுகளில் சிறியது. தட்டியால் மறைத்து ஒதுக்கியிருப்பார்கள். பருவம் பார்த்துப் போனால் அந்தத் துண்டில் கூட்டம் நெரியும். மது வேண்டியவர்களுக்காகக் கரைக்கு அப்பால் படகு மதுக்கூடங்களை நிறுத்தி வைக்கிறார்கள். பிரித்து வைக்கும் கொள்கை போய்விட்டதாகச் சொன்ன இடத்தில் அதே கொள்கை நங்கூரம் போட்டு நிற்கிறது. ரமலான் மாதத்தில் பகலில் உணவகங்கள் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை பொதுப் படகுகள் பல ஓடுவதில்லை. சைவம் மட்டும் உண்பவர்கள் சூரையும் தேங்காயும் ஆளும் சமையலில் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் நல்லது. 

பொருளாதார வாதமும் முழுமையாக நிறுவப்படவில்லை. புவியியலாளர் ரிச்சர்டு பட்லர் 1980-ல் முன்வைத்த சுற்றுலாத்தல வாழ்க்கைச் சுழற்சி இங்கே நினைவுக்கு வருகிறது: முதலில் ஊரார் தம் வீட்டிலேயே இடம் கொடுப்பார்கள், பிறகு வெளி முதலீடு வரும், கட்டடம் பெருகும், ஒரு கட்டத்தில் வளர்ச்சி தேங்கும். மாஃபுஷியில் வீடுகளிருந்த கரையில் பல மாடி ஓட்டல்கள் எழுந்திருப்பதைப் பார்க்கும்போது முதல் மூன்று கட்டங்கள் முடிந்துவிட்டதாகத் தோன்றலாம். பட்லரின் வரைவு ஊகம்தான், விதி அல்ல. எல்லாத் தீவும் மாஃபுஷி ஆகும் என்று அதைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

மூன்றாவது வழி: படகிலேயே தங்குதல்

சஃபாரி படகு என்று அங்கே சொல்லப்படும் தங்கும் படகுகளைப் பற்றி அதிக விவாதம் இல்லை. அட்டோல்களுக்கு இடையே உள்ள கால்வாய்களில் நீரோட்டம் வலுவாக இருக்கும், பெரிய மீன்கள் அங்கேதான் கூடும். ஒரு தீவில் உட்கார்ந்திருப்பவரைவிடப் படகில் போகிறவருக்கு அவற்றைக் காணும் வாய்ப்பு அதிகம். முக்குளிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரும்பாலும் சரியான பதில். கடல் குமட்டல் உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் அல்ல.

நீர்மேல் வீடு

மாலத்தீவு என்றதும் நினைவுக்கு வரும் படம் நீர்மேல் கால் ஊன்றிய வீடு. அது மாலத்தீவின் கண்டுபிடிப்பு அல்ல. 1967-ல் பிரெஞ்சு பாலினேசியாவின் ரையாத்தேயா தீவில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மூன்று பேர் அதை முதலில் கட்டினார்கள். அவர்களுடைய ஓட்டலுக்கு நல்ல மணற்கரை இல்லை. நீரின் மேல் கட்டினால் குறை தெரியாது என்பது கணக்கு. கரையில்லாத இடத்துக்கான மாற்று ஏற்பாடு, உலகின் மிக அழகான கரைகளுள்ள நாட்டில் மேல்தட்டு அறையாகி, கரையோர அறையைவிட அதிக வாடகைக்கு விற்கிறது.

இதில் ஒரு நடைமுறை உண்மை அடிக்கடி மறைந்துபோகிறது. நீர்மேல் வீடுகளுக்கு அகலமான, ஆழமில்லாத, மணலடியுள்ள களப்பு வேண்டும். முகமூடி மாட்டிக்கொண்டு மீன் பார்க்க நினைப்பவர்களுக்குக் கரைக்கு அருகிலேயே பவளத்திட்டு சரிந்து ஆழத்துக்கு இறங்கும் தீவு வேண்டும். ஒன்று நன்றாக இருக்கும் தீவில் மற்றது பெரும்பாலும் சுமார்தான். விளம்பரப் படத்தில் நீர் வெளிறிய நீலமாக நெடுந்தூரம் பரந்திருந்தால் பவளம் தொலைவில் இருக்கிறது என்று பொருள். கரைக்குச் சற்று அப்பாலேயே கருநீலம் தொடங்கினால் பவளம் பக்கத்தில் இருக்கிறது. ரிசார்ட்டா கெஸ்ட் ஹவுஸா என்பதைவிட இந்த நிற எல்லை ஒருவருடைய விடுமுறையை அதிகம் மாற்றக்கூடும்.

பவளம் அருகில் இருந்தாலும் உயிரோடு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. 1998-ல் கடல்நீர் சூடேறியபோது ஆழமில்லாப் பகுதிப் பவளங்களில் மிகப் பெரும்பங்கு வெளிறி மடிந்தது. மெல்ல மீண்டு வந்தவை 2016-ல் மறுபடியும் அடிபட்டன. பழைய பயண நூல் புகழ்ந்த பவளத்திட்டு இன்று அதே நிலையில் இருக்க வேண்டியதில்லை.

மணலும் காற்றும்

தங்குமிடப் பரிந்துரைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது மணல். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வாடைக் காலம், மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவம். காற்று மாறும்போது அலையின் திசை மாறும், அலையோடு மணலும் தீவைச் சுற்றி நகரும். ஆய்வாளர்கள் பால் கென்ச்சும் ராபர்ட் பிராண்டரும் தெற்கு மால்ஹோஸ்மதுலு அட்டோலில், அதாவது பா அட்டோலில், இதை அளந்து 2006-ல் வெளியிட்டார்கள். ஒரு பருவத்தில் அகலமாக இருக்கும் கரை அடுத்த பருவத்தில் ஒடுங்கி மறுபக்கம் விரிகிறது. வட்ட வடிவத் தீவுகளில் இந்த இடமாற்றம் கூடுதல்.

இந்தத் தீவுகள் நகரும் மணலால் ஆனவை. அவற்றின் மேல் நகராத அறைகளைக் கட்டியாயிற்று. ஆகவே தடுப்புச் சுவர், கருங்கல் அணை, மணல் இறைக்கும் குழாய் எல்லாம் வந்தன. ரிசார்ட்டுகளில் இவை பணத்தால் மறைக்கப்படுகின்றன. ஊர்த் தீவுகளில் படகுத்துறைக்காகத் தோண்டிய பள்ளமும் கட்டிய சுவரும் மணல் போக்கைத் தடுத்து ஒரு பக்கக் கரையை அரிக்கின்றன. எந்த மாதத்தில் எந்தப் பக்கத்து அறை என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல; படத்தில் இருந்த கரை நீங்கள் போகும் மாதத்தில் அங்கே இல்லாமல் போகலாம்.

விலைக்குள் ஒளிந்திருப்பவை

அறை வாடகையை மட்டும் ஒப்பிடுவது பழைய வழக்கம், தவறான வழக்கமும்கூட. அறிவித்த விலைக்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கு மேல் சுற்றுலாப் பொருள் சேவை வரி. 2023-ல் 16 விழுக்காடாக இருந்த அந்த வரி 2025 ஜூலை முதல் 17 ஆகியிருக்கிறது. 100 டாலர் என்று போட்டிருப்பது ஏறத்தாழ 129 டாலராக முடியும். 2025 ஜனவரி முதல் பசுமை வரியும் இரட்டிப்பாயிற்று: ரிசார்ட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர், ஊர்த் தீவின் சிறிய கெஸ்ட் ஹவுஸில் 6 டாலர். இருவர் ஐந்து இரவு தங்கினால் முதல் இடத்தில் 120, இரண்டாவது இடத்தில் 60.

இதைவிடப் பெரியது போக்குவரத்து. தொலைவு அட்டோல்களுக்குக் கடல் விமானம் ஆளுக்குச் சில நூறு டாலர் கேட்கும். பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலையில் வந்து இறங்குபவர்கள் மாலேயிலோ, கடலை நிரப்பி உருவாக்கிய ஹுல்ஹுமாலேயிலோ ஓரிரவு கழித்தாக வேண்டும். 2018-ல் திறந்த பாலத்தால் மாலேக்கும் விமான நிலையத்திலிருந்து சாலையிலேயே போகலாம் என்பது ஒரு வசதி. விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ரிசார்ட்டுகளுக்கும் ஊர்த் தீவுகளுக்கும் விசைப்படகு இரவிலும் ஏற்பாடு செய்யலாம். மாஃபுஷிக்குப் பொதுப் படகில் ஒன்றரை மணி நேரம், விசைப்படகில் அதில் பாதிக்கும் குறைவு. நான்கு நாள் பயணத்தில் ஒரு நாளைக் காத்திருப்பு தின்றுவிட்டால் மலிவு எது, விலை எது என்ற கணக்கே மாறிவிடும்.

இன்னும் தீராதவை

மேலே கண்ட நிலைப்பாடுகளில் எதுவும் மற்றதை முழுமையாக வீழ்த்திவிடவில்லை. பிரித்து வைத்தல் ஊரைக் காத்தது என்பார்கள். காத்ததற்கு ஊரார் கொடுத்த விலை வேலைவாய்ப்பில் தெரிகிறது. ஊருக்குள் வந்த பணம் ஊரில் நிற்கிறது என்பார்கள். அது கட்டட உரிமையாளர் யார் என்பதைப் பொறுத்தது, தீவுக்குத் தீவு மாறுகிறது. குப்பையைப் பொறுத்தவரை இரு தரப்பும் ஒருவரையொருவர் கைகாட்ட இயலாது. 1990களின் தொடக்கத்திலிருந்து மாலேயின் குப்பையோடு ரிசார்ட்டுகளின் குப்பையும் திலாஃபுஷி தீவில்தான் கொட்டப்பட்டு வந்திருக்கிறது. பயணிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது இன்னொரு வழி. அண்டையில் இருக்கும் இலட்சத்தீவில் இந்தியருக்கே நுழைவு அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடு ஆள் எண்ணிக்கையைத் தாழ்வாக வைத்திருக்கிறது. அந்த வழி 2024-ல் 20 இலட்சம் பயணிகளைத் தாண்டிய நாட்டுக்கு இனி திறக்குமா என்பது ஐயம்.

பயணியின் அளவில் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிவது இது. மதுவும் தனிமையும் வேண்டும், பெண்கள் தயக்கமின்றி நீந்த வேண்டும் என்றால் ரிசார்ட்டுக்கு மாற்றில்லை. கடல்வாழ் உயிர்களைப் பார்ப்பதே நோக்கம் என்றால் அதற்குப் பேர்போன ஊர்த் தீவும் படகும் பெரும்பாலும் குறைந்த செலவில் அதையே காட்டும், பல நேரங்களில் கூடுதலாகவும் காட்டும். ரிசார்ட்டையும் ஊர்த் தீவையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது இன்று பரவலான வழக்கம்; அப்படிச் செய்பவர்கள் இரண்டையும் ஒரே அட்டோலில் வைத்துக்கொள்வது நல்லது. எதைத் தேர்ந்தாலும் முன்பணம் கட்டுவதற்கு முன் விமானம் இறங்கும் நேரம், வரிகள் சேர்ந்த முழுத் தொகை, போகும் மாதத்தில் அறைக்கு முன் கரை இருக்குமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.